பாதி வெளிச்சம் பட்ட கண்ணாடி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது மதுரை சிம்மக்கல்லில் எல்லோருக்கும் தெரியும். படம் எடுக்க வந்து உட்கார்ந்துவிட்டுக் கண்ணைச் சிமிட்டுகிறவர்கள்தான் அதற்குப் பாதிக் காரணம். எங்கள் ஸ்டுடியோவில் ஆண்களை என் வீட்டுக்காரர் எடுப்பார், பெண்களை நான் எடுப்பேன். அன்னிய ஆண் ஒருவன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு தங்கள் வீட்டுப் பெண்ணை உற்றுப் பார்ப்பதை எந்தக் குடும்பமும் விரும்பவில்லை. அதனால் எனக்கு வேலைக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

இப்போதெல்லாம் கேமராவே வெளிச்சத்தைக் கணக்குப் பார்த்துக்கொள்கிறது என்கிறார்கள். பார்க்கட்டும். அன்றைக்கு அந்தக் கணக்கு முழுவதும் என் தலையில் இருந்தது. கூரையில் பதித்த கண்ணாடி வழியாக இறங்கும் வெளிச்சத்தை வெள்ளைத் திரைகளை இழுத்தும் தள்ளியும் பதப்படுத்த வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்குப் பக்கத்தில் என் புறங்கையை நீட்டி, விரல் முட்டிகளின் நிழல் எவ்வளவு அழுத்தமாக விழுகிறது என்று பார்ப்பேன். அதை வைத்து லென்ஸின் துவாரத்தை அகலமாகவோ குறுகலாகவோ திருப்பி வைப்பேன். அப்புறம் மூடியைக் கழற்றி, வேண்டிய நேரம் வெளிச்சத்தை உள்ளே விட்டு, மறுபடி மூட வேண்டும். அந்த வேண்டிய நேரத்தை ஆளுக்கொரு விதமாக அளந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். நான் ‘அருள் நிறைந்த’ என்று தொடங்கும் மாதா செபத்தைச் சொல்வேன்.

கத்தோலிக்க வீட்டில் பிறந்தவர்களுக்கு இது விநோதமாக இருக்காது. எங்கள் அம்மா முட்டை வேகவைத்ததும் செபத்தை வைத்துத்தான். அந்தச் செபத்துக்கு இரண்டு பாதி உண்டு. முதல் பாதி மாதாவை வாழ்த்தி, இயேசுவின் பெயரோடு முடியும். இரண்டாம் பாதி எங்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லிக் கேட்கும், அதன் கடைசியில் மரண நேரம் வரும். சித்திரை வெயிலில் முதல் பாதி போதும். ஐப்பசி மூட்டத்தில் துவாரத்தை எவ்வளவு அகலத் திறந்தாலும் மரணம் வரை போயாக வேண்டும். பாதியில் மூடியைப் போட்டுவிட்டாலும் மீதியை மனசுக்குள் சொல்லி முடித்துவிடுவது என் வழக்கம். பாதியில் விட்ட செபம் என்னவோ நெஞ்சில் நிற்கும்.

ரங்கூனில் குண்டு விழுந்து, அதற்கு அடுத்து வந்த கோடை அது. பக்கத்துக் கிராமமான பரவையிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். ஜோடிப் படம் எடுக்க வேண்டும் என்றாள் மாமியார். நான் மாப்பிள்ளையைத் தேடி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை.

மாப்பிள்ளை ரங்கூனில் ஒரு அரிசி ஆலையில் கணக்கப்பிள்ளை. கல்யாணம் முடிந்த கையோடு கப்பல் ஏறியவர், அடுத்த முறை வரும்போது சிம்மக்கல்லில் போய் ஜோடியாகப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். குண்டு விழுந்த பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மலையும் காடுமாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்களைப் போய்க் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் ஆற்றங்கரையில் பார்த்தேன் என்றாராம். ஒருவர் காய்ச்சலில் கிடந்ததாகச் சொன்னாராம். இன்னொருவர் பார்க்கவே இல்லை என்றாராம். இதற்குள் அந்தப் பெண்ணின் சின்ன மாமனார், போனவன் போய்விட்டான், உருவம் ஒன்று செய்து வைத்துக் காரியத்தை முடித்துத் தாலியை இறக்கிவிடலாம் என்று ஆரம்பித்துவிட்டார். ஆவணிக்குள் செய்துவிட வேண்டும் என்று பங்காளிகளும் கூடப் பேசியாயிற்று. இவ்வளவையும் மாமியார்தான் சொன்னாள். மருமகளுக்கு இருபது வயதைத் தாண்டாத முகம்.

அவர்கள் ஒரு காரணத்தோடுதான் எங்களைத் தேடி வந்திருந்தார்கள். அவர்களுடைய சொந்தக்காரர் வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று உண்டு. இரண்டு பேரும் வெவ்வேறு நாளில் வந்து எடுத்துக்கொண்டது. என் வீட்டுக்காரரின் கைவேலை. கண்ணாடித் தகட்டின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்துவிட்டு முதல் ஆளை எடுக்க வேண்டும். பிறகு எடுத்த பாதியை மறைத்துவிட்டு அடுத்த ஆளை எடுக்க வேண்டும். திரையும் துவாரமும் நேரமும் ஒன்றுபோல் இருந்தால் ஒட்டு தெரியாது. கடைசியில் ஒரே தடவையாகக் கழுவினால் இரண்டு பேரும் சேர்ந்து வருவார்கள்.

அப்போதுதான் மருமகள் வாய் திறந்தாள்.

“இப்ப என்னைய எடுத்துருங்கக்கா. அவுக பக்கத்த மூடியே வைங்க. அவுக வந்ததும் உக்காந்துக்கிருவாக.”

கதவு இடுக்கில் நின்று என் வீட்டுக்காரர் வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். யுத்த காலம், தகடு கிடைப்பதே குதிரைக்கொம்பு. அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் வாடிக்கைக்காரர்கள் முன்னால் எனக்குச் சைகை காட்டினால் எனக்குப் பிடிக்காது. அவர் பேசாமல் இருந்திருந்தால் நானே மறுத்திருப்பேனோ என்னவோ. சரி உட்காரம்மா என்றேன்.

எங்களிடம் சித்திர வேலை செய்த நாற்காலிகள் இரண்டு இருந்தன. வலப்பக்கத்து நாற்காலியில் அவளை உட்கார வைத்தேன். இடப்பக்கத்து நாற்காலியை அதன் இடத்திலேயே விட்டேன். துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். கேமராவின் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை. அன்றைக்கு அந்தப் பெண் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள், அவள் பக்கத்தில் காலி நாற்காலி ஒன்று தொங்கியது. வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

படம் எடுக்கும்போது நான் என்ன முணுமுணுப்பேன் என்று அவள் கேட்டாள். சொந்தக்காரர்கள் சொல்லியிருப்பார்கள்போல. நான் செபத்தைப் பற்றிச் சொன்னேன். இந்த வெயிலுக்கு முதல் பாதி போதும், மீதியில் சாவு வரும், அதை மூடி போட்ட பிறகு எனக்குள் சொல்லிக்கொள்வேன் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“அப்ப அந்தப் பாதிய விட்டுருங்கக்கா. மனசுக்குள்ளகூடச் சொல்லாதீக.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டு, சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மூடியைக் கழற்றினேன். அவள் இமைக்கவே இல்லை. இயேசுவின் பெயர் வந்ததும் மூடினேன். மீதிச் செபம் பழக்க தோஷத்தில் தொண்டைவரை வந்தது. எச்சிலோடு விழுங்கினேன்.

பாதி வெளிச்சம் பட்ட அந்தத் தகட்டை அதன் மரச் சட்டத்தோடு கறுப்புத் துணியில் சுற்றி, தகரப் பெட்டிக்குள் வைத்து, இருட்டறையின் மேல் தட்டில் ஏற்றினேன். லென்ஸின் வளையத்தில் துவாரம் நின்ற இடத்தில் ஊசியால் ஒரு கீறல் போட்டு வைத்தேன். அவர் வந்தால் அதே அளவில் எடுக்க வேண்டுமே.

பரவையில் செய்தி பரவிவிட்டது. அவனுக்குப் படத்தில் இடம் போட்டு வைத்திருக்கிறது, அதற்குள் எப்படிக் காரியம் செய்வது என்று மாமியார் ஒரே பிடியாக நின்றிருக்கிறாள். ஊர்க்காரர்களுக்கும் அது சரியாகப் பட்டது. ஆவணி வந்தது, போனது. சின்ன மாமனாரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மாமியார் வெள்ளிக்கிழமைதோறும் கோவிலுக்கு வந்துவிட்டுத் திரும்புகிற வழியில் எங்களிடம் வந்து, இருட்டறையின் கதவு நிலையில் குங்குமம் வைத்துவிட்டுப் போவாள். குங்குமத் தூள் பறந்தால் தகட்டில் புள்ளி விழும் என்று நான் கத்துவேன். தலையை ஆட்டுவாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் வைப்பாள்.

அவள் இன்னொன்றும் கேட்டாள். இடப்பக்கத்து நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைக்கக் கூடாதாம். இது கோவில் இல்லை, ஸ்டுடியோ என்று சொல்லிவிட்டேன். கல்யாண ஜோடிகள் வந்தால் ஒருவரைத் தரையிலா உட்கார வைப்பது? வழக்கம்போல இரண்டு நாற்காலியிலும் ஆட்களை வைத்து எடுத்தேன்.

வலப்பக்கத்தில் உட்கார்ந்தவர் சரியாக வந்தார். இடப்பக்கத்தில் உட்கார்ந்தவர் மங்கி வந்தார். ஒரே திரை, ஒரே துவாரம், ஒரே பாதிச் செபம். ஒருவருக்கு நடுப்பகலும் மற்றவருக்குச் சாயங்காலமும் ஆனதுபோல இருந்தது. திரையில் அழுக்கு என்று நினைத்துத் துவைத்துப் போட்டேன். மறுபடியும் மங்கல். கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த வேப்பங்கிளையை வெட்டச் சொன்னேன். மறுபடியும் மங்கல். இரண்டு நாற்காலிக்கு முன்னாலும் புறங்கையை நீட்டி நீட்டிப் பார்த்தேன். முட்டி நிழல் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம்தான். கை சமம் என்றது, கண்ணாடி இல்லை என்றது. அத்தனை வருஷத்தில் என் கை பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது, அதற்கு அடியில் பயமாகவும் இருந்தது.

ஒரு புதுப் பெண்ணின் அம்மா, எங்க மாப்பிள்ளை என்ன இம்புட்டு இருண்டா கெடக்காரு என்று சண்டைக்கு வந்த பிறகு அந்த நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டேன். ரங்கூன்காரருக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாயா என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். செருப்பு மாட்ட வேண்டுமென்றால் அதில்தான் உட்காருவார் முன்பெல்லாம். கொஞ்ச நாளில் அவரும் நின்றுகொண்டே மாட்ட ஆரம்பித்தார். நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

எனக்கும் ஒரு பழக்கம் வந்திருந்தது. இருட்டறைக்குள் போகும்போது கதவைத் தட்டிவிட்டு நுழைவேன். எப்போது தொடங்கியது என்று எனக்கே தெரியாது. உள்ளே யாருமில்லாத அறை. ஒரு நாள் தட்டிவிட்டுக் காத்துக்கொண்டு நின்றேன், பதில் வருமென்று நிற்கிறவளைப் போல. அப்படி நிற்கிறேன் என்று புரிந்ததும் உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

தை பிறந்த பிறகு சின்ன மாமனார் நேரிலேயே வந்தார். அண்ணியையும் அந்தப் பெண்ணையும் கூடவே அழைத்து வந்திருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், முடிவு தெரியாமல் ஒரு வீடு கிடப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். கோடாங்கி ஒருவரிடம் குறி கேட்டுவிட்டு வந்திருந்தார். தலைப்பாகையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினார்.

“இலை போட்டுக் கதவச் சாத்துனா, செத்தவுக வந்து தொட்டுட்டுத்தானம்மா போவாக. இதுவும் அப்படித்தான். நீங்க இடம் போட்டு இருட்டுல அடைச்சு வச்சிருக்கீக. அவன் செத்திருந்தா இந்நேரம் வந்து உக்காந்திருப்பான். உசிரோட இருக்கவனால எப்படி வர முடியும்? கழுவிப் பாத்துருவோம். இடம் காலியா இருந்தா நான் இனிமே வாயத் தெறக்க மாட்டேன்.”

படையல் போடுகிற வீட்டில்தான் இப்படி ஒரு கணக்குப் போட முடியும். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அட்டையால் மறைத்த பாதியில் ஒரு சொட்டு வெளிச்சமும் பட்டிருக்காது. கழுவினால் அது வெறும் கண்ணாடியாக நிற்கும், காகிதத்தில் அச்சுப் போட்டால் கறுப்பாக வரும். அப்படியானால் ஆள் உயிரோடு இருக்கிறார், தாலிக்குக் கேடில்லை. இதைவிட நல்ல பஞ்சாயத்து எங்கே கிடைக்கும்? தயங்காமல் சரி என்றேன். மாமியார் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்தப் பெண் மட்டும் சந்தோஷப்படவில்லை. நானும் உள்ளே வாரேன் என்றாள். வீட்டு ஆள் ஒருவர் பார்ப்பது நல்லதுதான் என்று சின்ன மாமனாரும் ஒப்புக்கொண்டார். என் வீட்டுக்காரர் அவரை முன்னறையில் உட்கார வைத்துக் காப்பி கொடுக்கப் போனார். நான் இருட்டறைக் கதவை நெருங்கி, என்னையறியாமல் தட்டினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சிவப்பு விளக்கில் தகட்டை எடுத்து மருந்துத் தட்டில் இறக்கி மெல்ல ஆட்டினேன். தகட்டில் எல்லாம் மாறித்தான் தெரியும், வெளிச்சம் பட்ட இடம் கறுக்கும், படாத இடம் வெள்ளையாக நிற்கும் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். முதலில் அவள் மூக்குத்தி கரும்புள்ளியாக வந்தது. பிறகு நெற்றி, கன்னம், கைகள். அவள் பாதி நன்றாக எழும்பி வந்தது. நேரம் சரி, துவாரம் சரி. மறுபாதி பால் மாதிரி வெறுமையாக இருந்தது. நான் மூச்சு விட்டேன்.

அப்புறம் அந்தப் பாலில் ஒரு சாம்பல் நிறம் வந்தது. நடுவில் தொடங்கிக் கீழே இறங்கியது. மேலே உருண்டையாக ஒன்று திரண்டது. இரண்டு தோள் வந்தது, மடங்கிய முழங்கால் வந்தது, முழங்கால் மேல் கை வந்தது. முகம் வரவில்லை. நாற்காலியும் இல்லை. ஆள் மட்டும் உட்கார்ந்திருந்தது.

என் கை நின்றுவிட்டது. வாய் மட்டும் பேசியது. மழையில் மரச் சட்டம் உப்பி வெளிச்சம் கசிந்திருக்கும், இது வெறும் கசிவு, எத்தனையோ தகட்டில் பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். இன்றைக்கும் யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அவள் தட்டின் மேல் குனிந்து பார்த்தாள்.

“ஒரு தோளு எறங்கியிருக்கு பாருங்க. சின்னதுல மரத்துலருந்து விழுந்தவுக.”

இதை அதற்கு முன் யாரும் என்னிடம் சொன்னதில்லை. நான் அவரைப் பார்த்ததும் இல்லை. அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், சத்தம் வராமல்.

படத்தை நிலைக்க வைக்கும் மருந்தில் போட்டு எடுத்து, தண்ணீர்த் தட்டுக்கு மாற்றினேன். வேறென்ன செய்வது என்று தெரியாமல் கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இது அச்சில் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். ஒன்றுமே இல்லாமல் இருந்திருந்தால் எப்படி வரும் என்று கேட்டாள். கறுப்பாக வரும் என்றேன். தொட்டால் போய்விடுமா என்று கேட்டாள். ஈரத் தகட்டின் மேல்பூச்சு பாலாடை மாதிரி மிருதுவாக இருக்கும், மதுரைச் சூட்டில் கேட்கவே வேண்டாம். விரல் பட்டாலே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். தொட வந்த எத்தனையோ பேர் கையில் நான் அடித்திருக்கிறேன்.

அவள் தண்ணீருக்குள் கையை விட்டாள். கட்டைவிரலை அந்தத் தலையின் மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு அழுத்திக் கீழே இழுத்தாள். பூச்சு சுருண்டு சுருண்டு வந்து தண்ணீரில் மிதந்தது. தலை போயிற்று, இறங்கிய தோள் போயிற்று, கைகள் போயின. தன் தோளுக்குப் பக்கத்தில் வந்தபோது மட்டும் நிதானித்து, தன்னைத் தொடாமல் அவரை மட்டும் எடுத்தாள். நான் சிவப்பு விளக்கை நகர்த்தி அவள் கைக்கு அருகில் பிடித்தேன்.

தகடு காய்ந்து, அச்சுப் போட்டு அன்று சாயங்காலமே கொடுத்தோம். வலது பாதியில் அவள் இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். இடது பாதி முழுவதும் கறுப்பு. சின்ன மாமனார் ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடம் காலிதான், உசிரோட இருக்கான் என்று சொல்லித் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டார். சொன்ன வாக்கை அவர் கடைசிவரை மீறவில்லை. மாமியார் மகன் வருவான் என்ற நம்பிக்கையோடு கண் மூடினாள். அந்தப் பெண் வருஷக்கணக்காகப் பூவும் பொட்டுமாகப் பரவைச் சந்தைக்குப் போய் வந்தாள். அவர் வரவில்லை. அந்தப் படத்தை உற்றுப் பார்த்தால் கறுப்பின் ஓரத்தில், அவள் தோளுக்குப் பக்கத்தில், விரல் ரேகை கொஞ்சம் தெரியும்.

இதெல்லாம் இருட்டறைக் கதவைத் திறந்த பிறகு நடந்தவை. திறப்பதற்கு முன்னால் அவள் கையைத் துடைத்துக்கொண்டு, தாலியை ரவிக்கைக்குள் விட்டுச் சரிசெய்துகொண்டு, என்னிடம் சொன்னாள்.

“அக்கா, அன்னைக்குப் பாதியில நிறுத்துனீகளே. அந்த மீதிய இப்பச் சொல்லிருங்க. வெளிய கேக்காம.”

சொன்னேன். தண்ணீர்த் தட்டுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் நின்றோம். மரண நேரம் என்ற இடம் வந்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த மனிதருக்கு நடந்த காரியம் அது ஒன்றுதான்.